டீமன்செட்டா, க்ரொன்ஜொப்பா? மட்டக்களப்புச் சிறு க்ளஸ்டர்களுக்கு ஒரு மதிப்பீடு

பல கணினிகளை (நோட்) ஒரு க்ளஸ்டராகச் சேர்த்துக் கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள் குபர்நெட்டிஸ். அதில் டீமன்செட் ஒவ்வொரு நோட்டிலும் ஒரு பொட்டை (ஒன்றாக ஓடும் கன்டெய்னர் அலகு) எப்போதும் ஓடவிடும், க்ரொன்ஜொப் குறித்த நேரத்தில் ஒரு வேலையை ஓட்டும். இந்த இரண்டு வசதிகளும் நம்பிக்கையானவை. இடம் மாறிப் போட்டால்தான் தொல்லை. மட்டக்களப்பில் ஒரு அலுவலக அறைக்குள் மூன்று நோட் வைத்து ஓட்டும் சிறு நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறோம்.

லொக் திரட்டும் ஃப்ளூயன்ட் பிட், டிஸ்க்கையும் சீபியூவையும் அளக்கும் நோட் எக்ஸ்போர்ட்டர் ஆகியவை அந்தந்த நோட்டிலேயே குந்தியிருந்து பார்க்க வேண்டியவை. அதற்கு டீமன்செட்தான். நாலாவது நோட் சேர்ந்தால் அதிலும் தானாகவே ஏறும். பொட்கள் ஏறாதபடி டெயின்ட் (தடைக்குறி) போட்ட கன்ட்ரோல் பிளேன் நோட்டுக்கு, அதாவது க்ளஸ்டரை நிர்வகிக்கும் நோட்டுக்கு, மட்டும் டொலரேஷன் (அந்தத் தடையைத் தாண்டும் அனுமதி) எழுதவேண்டும். மெமறிக் கணக்கை நோட் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள்: 100 எம்பி கேட்கும் பொட், மூன்று நோட்டில் 300 எம்பியைப் பிடித்துவைக்கும்.

இரவு பக்கப்பை டீமன்செட்டுக்குள் வைத்து 'ஸ்லீப் 86400' (86400 செக்கன், ஒரு நாள் காத்திரு) என்று சுழலவிடுவதைப் பலரும் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரே டேட்டாபேஸை நோட்டுக்கு ஒரு தரமாக மூன்று தரம் எடுக்கும். பொட் ஒருக்கா விழுந்து எழும்பினால் நேரமும் நகர்ந்துவிடும். பக்கப் தோற்றாலும் சுழற்சி நிற்காததால் பொட் 'ரன்னிங்' என்றே காட்டும்.

பக்கப்புக்கு க்ரொன்ஜொப்பே சரி, ஆனால் நேரத்தைக் கவனியுங்கள். '0 2 * * *' (தினமும் இரவு 2 மணி) என்று மட்டும் எழுதினால், க்ரொன்ஜொப்பைத் தொடக்கிவிடும் கன்ட்ரோலர் மனேஜரின் நேரம்தான் கணக்கு. அது யூடிசி (உலகப் பொது நேரம்) என்றால் இங்கே காலை 7.30, ஆட்கள் வேலைக்கு வரும் நேரத்தில் டேட்டாபேஸ் திணறும். டைம்ஸோன் 1.27 பதிப்பிலிருந்து நிலையான வசதி. 'ஏசியா/கொலம்போ' என்று ஒரு வரி போதும். ஒரே வேலை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடலாமா என்று சொல்லும் கன்கரன்சி பொலிசியை 'ஃபோர்பிட்' (தடை) ஆக்குங்கள். இயல்பில் அது 'அலவ்' (அனுமதி), முந்திய பக்கப் முடியாமலே அடுத்ததும் தொடங்கிவிடும்.

மார்கழி அடைமழையில் இரவு முழுக்கக் கரண்ட் போனால்? எத்தனை செக்கன் பிந்தியும் வேலையைத் தொடங்கலாம் என்று சொல்லும் ஸ்டார்ட்டிங் டெட்லைன் செக்கன்ட்ஸ் 3600 என்று இருந்தால், ஒரு மணிநேரத்துக்குள் க்ளஸ்டர் எழும்பினால் தவறிய பக்கப் ஓடும். பிந்தினால் அடுத்த இரவுதான். இதைக் கொடுக்காமல் விட்டால் காலையில் கரண்ட் வந்ததும் ஓடத் தொடங்கிவிடும். 10க்குக் கீழே வைத்தால் ஓடாமலே போகலாம், கன்ட்ரோலர் 10 செக்கனுக்கு ஒருக்காத்தான் பார்க்கிறது. தோற்ற ஜொப்புகளில் இயல்பாக ஒன்றுதான் மிஞ்சும். அந்த எண்ணிக்கையை 5 ஆக்கினால் பழைய பிழைகளின் லொக்கும் கைக்குக் கிடைக்கும்.

ஒவ்வொரு நோட்டிலும் பழைய இமேஜ்களை (கன்டெய்னர்கள் உருவாகும் கோப்புப் பொதிகள்) துடைக்க க்ரொன்ஜொப் எழுதுவோரும் உண்டு. அது ஏதோ ஒரு நோட்டில் மட்டும்தான் போய் இறங்கும். டிஸ்க் 85 வீதத்தைத் தாண்டினால், ஒவ்வொரு நோட்டிலும் பொட்களைக் கவனிக்கும் க்யூப்லெட்டே பாவிக்காத இமேஜ்களை அழித்து 80க்கு இறக்கிவிடுகிறது.