ஸ்கிராட்ச் 3: முதல் நிரலுக்கு ஏற்ற கருவிதான், ஆனால்…

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மீடியா லேபில் உருவாகி 2007இல் வெளியான ஸ்கிராட்ச், சிறுவர்கள் நிரல் எழுதப் பழகுவதற்கான மொழி; முழுக்க இலவசம். இணையம் இல்லாத கணினியிலும் நிறுவலாம். 'பிளாக்' எனப்படும் கட்டளைத் துண்டுகளை இழுத்துப் பொருத்துவதால் அரைப்புள்ளி விட்டுப்போகும் தொல்லை கிடையாது; பொருந்தாத பிளாக் ஒட்டவே ஒட்டாது.

பிழை வருவது வேறு இடத்தில். நிரலைத் தொடங்கும் பச்சைக் கொடியின் கீழ் 'தொட்டால்' என்ற நிபந்தனையை மட்டும் வைத்தால், கொடியை அழுத்திய நொடியில் ஒரே ஒரு முறை சோதித்துவிட்டு நிரல் முடிந்துவிடும். திரையில் நகரும் பூனைப் பாத்திரம் பிறகு சுவரில் மோதினாலும் ஒன்றும் நடக்காது. நிபந்தனையை 'எப்போதும்' வளையத்துக்குள் போட வேண்டும். முதல் வகுப்பிலேயே இதைச் செய்துகாட்டுங்கள், அப்புறம் பாதிக் கேள்விகள் எழாது. ஆட்டம் போன முறை நின்ற இடத்திலிருந்தே தொடங்குகிறதா? கொடிக்கு அடியிலேயே எக்ஸ் 0, ஒய் 0 என்றும் மதிப்பெண் 0 என்றும் வைத்துவிடுங்கள். பாத்திரங்கள் நகரும் மேடையின் அளவு 480க்கு 360, நடுப்புள்ளிதான் 0.

ஒரு பாத்திரத்தின் (ஸ்பிரைட்) நகல்களான குளோன்களுக்குத் தனித்தனி உயிர்க்கணக்கு வேண்டுமானால், அந்த எண்ணைச் சேமிக்கும் மாறியை 'இந்த ஸ்பிரைட்டுக்கு மட்டும்' என்று உருவாக்குங்கள். இல்லையேல் எல்லாக் குளோன்களும் ஒரே எண்ணையே பகிர்ந்துகொள்ளும். ஒரே நேரத்தில் 300 குளோன்கள்தான் உச்சம்.

குறை என்றால், சொந்தமாக உருவாக்கும் பிளாக், கணக்கிட்ட மதிப்பைத் திருப்பித் தராது. பட்டியலில் உள்ளவற்றை 1இலிருந்து எண்ணும், எழுத்தால் நிரல் எழுதும் பைத்தான் மொழியிலோ 0இலிருந்து. பைத்தானுக்கு மாறும்போது இந்த இரண்டும் கட்டாயம் இடறும்.