டெபியனும் நிறுவனங்களின் ஃபர்ம்வேரும்: 12ஆம் பதிப்புக்குப் பிந்தைய புழக்கம்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 11ஆம் பதிப்பை மடிக்கணினியில் ஏற்றியவர்களுக்கு அந்தத் திரை நினைவிருக்கும். நிறுவல் பாதியில் நின்று, இன்ன ஃபர்ம்வேர் (வைஃபை அட்டை போன்ற வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பு இல்லை, பென்டிரைவில் கொடு என்று கேட்கும். லேன் போர்ட் இல்லாத கணினியில் வைஃபைக்கான கோப்பை இறக்கவே வைஃபை வேண்டும். ஃபர்ம்வேர் சேர்த்த ஐஎஸ்ஓவும் (நிறுவலுக்கான கோப்பு) டெபியன் சர்வரிலேயே இருந்தது. ஆனால் அவை நிறுவனங்களின் மூடிய கோப்புகள் என்பதால் 'அதிகாரப்பூர்வமற்றது' என்ற பெயரோடு ஒதுக்குப்புறமான ஒரு டைரக்டரியில். 2022 அக்டோபர் தொடக்கத்தில் முடிந்த டெபியன் உருவாக்குநர்களின் வாக்கெடுப்பு இதை மாற்றியது. 2023 ஜூன் 10 அன்று வந்த 12ஆம் பதிப்பிலிருந்து ஒரே ஐஎஸ்ஓ, ஃபர்ம்வேர் அதற்குள்ளேயே.

புதிதாக நிறுவுபவருக்கு இன்டெல் வைஃபையும் ஏஎம்டி கிராஃபிக்ஸும் இப்போது பேச்சே இல்லாமல் வேலை செய்கின்றன. தொல்லை, 11லிருந்து மேம்படுத்துபவருக்குத்தான். 'நான்-ஃப்ரீ' (கட்டற்ற உரிமம் இல்லாதவை) பிரிவில் இருந்த ஃபர்ம்வேர், 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பிரிவுக்கு மாறிவிட்டது. பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ்.லிஸ்டில் அதைச் சேர்க்காவிட்டால் எதுவும் உடையாது. பழைய கோப்பே ஓடிக்கொண்டிருக்கும். ஆபத்தும் அதில்தான். பிராசஸரின் உட்கட்டளைகளான மைக்ரோகோடும் அதே பிரிவில் இருப்பதால், பாதுகாப்புத் திருத்தங்கள் சத்தமில்லாமல் நின்றுபோகும். 12இன் பேக்கேஜ் நிறுவியான ஆப்ட் ஒரு குறிப்பு காட்டும்தான். அதை யார் படிக்கிறார்கள்?

இயங்குதளத்தின் மையமான கர்னலின் பதிவில் இன்டெல் வைஃபைக்கு 'எரர் -2' (கோப்பு இல்லை) என்று வரிசையாக வந்தால் பதற வேண்டாம். டிரைவர் புதிய பதிப்பு எண்ணிலிருந்து கீழிறங்கி ஒவ்வொரு கோப்பாகத் தேடுகிறது. கடைசியில் ஏதோ ஒன்று ஏற்றப்பட்டதாக வரி இருந்தால் போதும். கோப்பைக் கையால் நகலெடுத்து வைத்தால் மட்டும் பூட் ஆகும்போது முதலில் ஏறும் சிறு கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க மறக்கக் கூடாது. கிராஃபிக்ஸ் டிரைவர் அதற்குள்ளிருந்தே ஏறினால், வட்டில் வைத்த கோப்பு அதன் கண்ணில் படாது.

பழைய பிராட்காம் பி43 அட்டைகள் இன்னும் தலைவலியே. அவற்றின் ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய உரிமம் கிடையாது. பேக்கேஜ் நிறுவும்போதுதான் இணையத்திலிருந்து இறக்கி வெட்டியெடுக்கும். அதற்குக் கேபிளோ மொபைலின் யூஎஸ்பி டெதரிங்கோ வேண்டும்.

மூடிய ஃபர்ம்வேரைச் சேர்க்கவே கூடாது என்பவர்களின் வாதத்தில் ஓட்டை இருக்கிறது. அதே கோடு அட்டையின் ரோமில் (மாற்ற முடியாத நினைவகத்தில்) எரிக்கப்பட்டிருந்தால் ஏற்பார்கள். கோப்பாக வந்தால் மறுப்பார்கள். மறுப்பதால் அட்டை கட்டற்றதாக ஆகிவிடாது. பிழை திருத்தும் வழிதான் அடைபடும். ஆனால் அட்டையின் சொந்தச் சில்லில் ஓடும் ஃபர்ம்வேர் வேறு, நம் பிராசஸரில் கர்னலுக்குள் ஓடும் மூடிய டிரைவர் வேறு. என்விடியாவின் மூடிய டிரைவர் இன்னும் பழைய 'நான்-ஃப்ரீ'யிலேயே இருப்பது சரி.

மூலக் கோடு மரத்துக்குள் பைனரியைக் கலப்பதும் வேறு கதை. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் பின்கதவு ஒளிந்திருந்தது சோதனைக்கென வைத்த பைனரி கோப்புகளில்தான். லினக்ஸ்-ஃபர்ம்வேர் களஞ்சியம் தனியாக நிற்கிறது. எந்தக் கோப்புக்கு எந்த உரிமம் என்று 'வென்ஸ்' கோப்பில் எழுதி வைக்கிறது. பைனரியை வைப்பதென்றால் இப்படித்தான்.

டெபியன் மீது ஒரு குறை உண்டு. என்ன ஏற்றப்பட்டது என்பதை நிறுவல் பதிவுகளில் 'ஃபர்ம்வேர்-சம்மரி' கோப்பு சொல்லிவிடுகிறது, நல்லது. ஆனால் ஃபர்ம்வேர் வேண்டாம் என்பவர் பூட் வரியைத் திருத்தி 'ஃபர்ம்வேர்=நெவர்' என்று தட்ட வேண்டியிருக்கிறது. பூட் மெனுவிலேயே ஒரு வரியாக அதை வைத்திருக்கலாம்.