கேபிளா, செயலியா: ஐபிஎல் பார்க்க எது தோது?

2023–27 ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. டிவிக்கும் இணையத்துக்கும் தனித்தனி ஏலம். அந்தக் காசில் ஒரு பங்கு நம் பையிலிருந்துதான் போகிறது.

செல்லூரில் கேபிள் வைத்திருப்பவர் பெரிய பேக் எடுக்கத் தேவையில்லை. ஆட்டம் வரும் சேனலை மட்டும் தனியாகக் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும். சீசன் முடிந்ததும் நீக்கச் சொல்ல மறந்தால் மாதாமாதம் காசு போய்க்கொண்டே இருக்கும்.

செயலியில் படம் பிந்தி வரும். வீடியோவைச் சிறு துண்டுகளாக்கி, சிலதைச் சேர்த்துவைத்த பிறகே ஓட்டுகிறது. எதிர் டீக்கடையில் 'அவுட்' என்று கத்துவார்கள், இங்கே பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடி வருவார். தினம் 1.5 ஜிபி பேக், எச்டியில் முழு ஆட்டத்துக்குக் காணாது. தரத்தை 480க்கு இறக்கினால் பாதி ஆட்டம் தாண்டும்.

வீட்டில் நாலு பேர் பார்த்தால் கேபிள்தான். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூர் போகிறவருக்குச் செயலி.