எனாமல் போட்ட வார்ப்பிரும்புச் சட்டி, 6 லிட்டர்: பாட் ரோஸ்ட்டுக்கு இதான்

வாங்கி எட்டு மாசம் ஆச்சு, பீஃப் பாட் ரோஸ்ட் (பெரிய கறித்துண்டை முழுசா சிவக்க விட்டு, மூடி போட்டு மெதுவா வேக வைக்கிறது) மட்டுமே பத்து தடவைக்கு மேல இதுல பண்ணிட்டேன், அதனால தைரியமா சொல்றேன், கறியை மெதுவா வேக வைக்கணும்னா இந்த சட்டி கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

முன்னாடி மெல்லிசான ஸ்டீல் பாத்திரத்துல தான் பண்ணுவேன், கறியை சிவக்க விடும்போதே நடுவுல கருகிடும், ஓரம் வெளிறிப்போய் தண்ணி விட்டு நிக்கும். இதுல அடி கனம், ஒன்றரை கிலோ தோள்பட்டை கறியை முழுத் துண்டா வச்சாலும் சூடு சட்டுனு இறங்கல. கறியை ஈரம் போக நல்லா ஒத்தி எடுத்து உப்பு மிளகு தடவி வச்சுட்டு, ஒரு பக்கத்துக்கு 4, 5 நிமிஷம் கை வைக்காம விடுங்க. அடியில பழுப்பா ஒட்டும், அதான் ருசியே. கறியை எடுத்துட்டு வெங்காயம், தக்காளி பேஸ்ட் போட்டு வதக்கி கொஞ்சம் ரெட் வைன் ஊத்தி மரக்கரண்டியால சுரண்டினா ஒட்டினது மொத்தமும் கரைஞ்சு வந்துடும். சாதா வார்ப்பிரும்புல இவ்ளோ புளிப்பு மணிக்கணக்கா கிடந்தா இரும்பு வாடை ஏறிடும், எனாமல்னு கண்ணாடி மாதிரி பூச்சு இருக்கிறதால இங்க அந்த கவலையே இல்ல.

மூடியைப் பத்தி தனியா சொல்லணும். நல்ல வெயிட், ஆவியை விடவே மாட்டேங்குது. ஸ்டாக்கை (எலும்பு, கறி வேக வச்சு எடுத்த சாறு) கறியோட பாதி உயரத்துக்கு தான் ஊத்துவேன், ஓவன்ல 150 டிகிரி, மூணுல இருந்து மூணரை மணி நேரம், நடுவுல ஒரு தடவை கூட தண்ணி சேர்க்க வேண்டி வந்ததில்ல. பழைய பாத்திரத்துல ரெண்டு தடவையாவது திறந்து ஊத்துவேன். ரெண்டு மணி நேரத்துல முள்கரண்டியால குத்தி பார்த்தா கறி ரப்பர் மாதிரி தான் இருக்கும், கெட்டுப்போச்சுன்னு வெளிய எடுத்துடாதீங்க ப்ளீஸ், உள்ள இருக்கிற ஜவ்வு உருகி ஜெலட்டின் ஆகுறதுக்கு நேரம் வேணும், கறிக்குள்ள சூடு 90 டிகிரி தாண்டி கொஞ்ச நேரம் நின்னா தான் நார் நாரா பிரியும். கேரட்டை கடைசி ஒரு மணி நேரத்துல போடுங்க, முதல்லயே போட்டா குழைஞ்சு காணாம போயிடும்.

கூட வச்சு சாப்பிட மசிக்கிற உருளைக்கிழங்குக்கு இந்த சட்டி வேணாம், ஒரு தடவை வேக வச்சு பார்த்தேன், தண்ணி கொதிக்கவே ரொம்ப நேரம் ஆச்சு. தனி பாத்திரத்துல, மாவு மாதிரி உதிர்ற வகை கிழங்கை உப்பு போட்ட பச்சைத் தண்ணியில இருந்தே வேக வச்சு, வடிச்சு, திரும்ப அடுப்புல ஒரு நிமிஷம் ஈரம் போக விட்டு மசிச்சுட்டு முதல்ல வெண்ணெய் அப்புறம் சூடான பால். மிக்ஸியில மட்டும் போடவே போடாதீங்க, ஸ்டார்ச் வெளிய வந்து பசை மாதிரி இழுக்கும்.

குறைன்னா வெயிட் தான். கறியும் குழம்பும் நிறைஞ்சு ஓவன்ல இருந்து தூக்கும்போது ரெண்டு கையும் வலுவா இருக்கணும், கைப்பிடி சின்னது, தடிமனான க்ளவுஸ் போட்டா விரல் சரியா நுழையல. மணிக்கட்டு வலி இருக்கிறவங்க 4 லிட்டர் பாருங்க, ஆனா அதுல ஒன்றரை கிலோ கறி படுக்காது, ரெண்டா வெட்டி தான் வைக்கணும். இன்னொன்னு, இரும்புக் கரண்டியை விளிம்புல தட்டினதுல எனக்கு ஒரு இடத்துல பூச்சு தெறிச்சிடுச்சு, தட்டாதீங்க. வெறும் சட்டியை பெரிய தீயிலயும் வைக்காதீங்க, விரிசல் விடும். அடியில விழுந்த கறைக்கு தண்ணியில சமையல் சோடா போட்டு பத்து நிமிஷம் கொதிக்க விட்டேன், முக்கால்வாசி போயிடுச்சு.

முடிஞ்சா முந்தின நாளே பண்ணி, ஆறினதும் சட்டியோட ஃப்ரிட்ஜ்ல வைங்க. காலைல கொழுப்பு மேல கட்டியா நிக்கும், அப்படியே எடுத்துட்டு மூடி போட்டு சின்ன தீயில சூடு பண்ணினா அந்த குழம்பு மசிச்ச கிழங்கு மேல வழியாம அழகா நிக்குது.