ஸ்க்ரோல் சா முகப்படத்துக்கு எந்தப் பலகை, எத்தனை எம்எம்? சேலம் வெயிலிலும் ஏற்காட்டுப் பனியிலும் பார்த்தது

ஸ்க்ரோல் சா என்பது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடுகிற அறுப்பு இயந்திரம். அதில் பலகையை ஓட்டை ஓட்டையாக அறுத்து, பின்னால் கறுப்பு வைத்து முகத்தைக் காட்டுவதுதான் முகப்படம். அதில் முதலில் உடைவது மூக்குக்கண்ணாடி பிரேம்தான். கண்ணுக்கு அடியில் 2 எம்எம் அகலத்தில் ஒரு வளைவு, இரண்டு பக்கமும் ஓட்டை. அந்தப் பாலத்தைத் தாங்குகிற பலகை எதுவோ அதை வாங்குங்கள். ரேகை அழகு, விலை எல்லாம் அப்புறம்.

அதனால் தேக்கு வேண்டாம். மரத்தை அப்படியே அறுத்த தனிப்பலகையில் நார் ஒரே பக்கமாக ஓடும். நாருக்குக் குறுக்கே விழுகிற பாலம் பிளேடு திரும்பும்போதே 'டக்'கென்று போய்விடும். தப்பினாலும், சேலத்துச் சித்திரை வெயிலில் பலகை சுருங்கி அங்கேதான் விரிசல் விடும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்குகிறது. நிறமும் பழுப்பு, பின்னால் கறுப்பு வைத்தால் முகம் எடுப்பாக இருக்காது. தம்மம்பட்டிச் சிற்பிகள் செதுக்குகிற வாகை சிற்பத்துக்கு அருமையான மரம். ஆனால் அதன் பின்னல் நார் மெல்லிய பிளேடைக் கோட்டை விட்டு இழுத்துவிடும்.

ஏற்காட்டில் காப்பிச் செடிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் வெளிர் நிறம், அறுக்கவும் சுலபம். ஆனால் நடுத்தண்டிலிருந்து ஆரம் பிடித்து அறுத்த பலகையில் பளபளவென்று புள்ளி வரும். கன்னத்தில் விழுந்தால் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். பறவை, இலை அறுக்க நன்றாக இருக்கும். தூள் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

எல்லாம் பார்த்தபின் நிலைத்தது 6 எம்எம் பிர்ச் பிளைவுட். அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் பாலம் எந்தப் பக்கம் போனாலும் தாங்க நார் உண்டு. ஏ4 அளவுப் படத்துக்கு 2 அல்லது 3 நம்பர் பிளேடு, பிளேடை நுழைக்கும் ஓட்டைக்கு 1 எம்எம் டிரில் போதும். அதைவிடச் சின்ன படத்துக்கு 3 எம்எம். அதை ஒற்றையாக அறுக்காதீர்கள். வாழைத்தண்டு மாதிரி ஓடும், நிறுத்துவதற்குள் இமை போயிருக்கும். பலகையும் துள்ளும். இரண்டு ஷீட்டைச் சேர்த்து ஓரத்தில் டேப் ஒட்டி அறுத்தால் வேகம் அடங்கும், படமும் இரண்டு கிடைக்கும். 12 எம்எம்மில் பிளேடு வளைந்து மேலே சரியாகவும் கீழே கோணலாகவும் அறுக்கும்.

மலிவான பிளைவுட்டில் நடு அடுக்கில் பொந்து இருக்கும். கடையில் நான்கு ஓரத்தையும் பாருங்கள். ஓரத்திலேயே இடைவெளி தெரிந்தால் உள்ளே இன்னும் இருக்கும். பொந்துக்கு மேல் வந்த பாலம் நிற்காது. கீழ்ப்பக்க வெனீர் (மெல்லிய மர அடுக்கு) சில்லு சில்லாகப் பெயர்ந்தால் அடியில் ஒரு கழிவு பிளை வைத்துச் சேர்த்து அறுங்கள். மேலே பேக்கிங் டேப் ஒட்டினால் கருகாது.

மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை கை பழக நல்லது. ஆனால் பாலம் 3 எம்எம்முக்குக் கீழே போனால் உடையும். ஏற்காட்டு மழைக்காலத்தில் ஓரம் உப்பி, மீசைக் கோடெல்லாம் தடித்துவிடும்.

எந்தப் பலகையானாலும் ஈரம் புகாமல் காக்கும் சீலர் பூச்சை இரண்டு பக்கமும் அடியுங்கள். முன்பக்கம் மட்டும் அடித்த ஷீட் ஈரத்தில் அப்பளம் போல வளைகிறது. அறுக்கும்போது கண், மூக்கு, மீசை முதலில். தலைமுடி, சட்டை மாதிரி பெரிய ஓட்டைகள் கடைசியில். அதுவரை சுற்றிலும் பலகை முழுசாக இருந்து மெல்லிய பாலங்களைப் பிடித்துக்கொள்ளும்.