இஷிகாவா சயூரியின் இரண்டு பிரிவுப் பாடல்கள்: நீண்ட நாள் கேட்டும் பாடியும் தெரிந்தவை

எங்கா என்பது ஜப்பானியரின் உருக்கமான மெல்லிசை வகை. காதல் முறிவைப் பாடாத எங்கா பாடகி ஜப்பானில் கிடையாது. அவற்றுள் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போட்டும் தேயாதவை எவை என்று கேட்டால், இஷிகாவா சயூரியின் இரண்டைச் சொல்லலாம். ஒன்று, 1977 ஜனவரி 1 அன்று தனி இசைத்தட்டாக வெளிவந்த ‘சுகரு கைக்யோ ஃபுயுகெஷிகி’, அதாவது ஜப்பானின் முதன்மைத் தீவுக்கும் வடக்கே ஹொக்கைடோ தீவுக்கும் இடையிலுள்ள சுகரு நீரிணையின் குளிர்காலக் காட்சி. மற்றது, 1986இல் வந்த ‘அமாகி கோஎ’, அமாகி மலையைக் கடப்பது. ஆண்டு முடிவில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் கோஹாகு பாட்டு நிகழ்ச்சியில் 2007 முதல் 2023 வரை ஒரு வருடம் இது, மறு வருடம் அது என்று இந்த இரண்டையே மாற்றி மாற்றிப் பாடினார். 2024இல் நோட்டோ நிலநடுக்கத்தை மனத்தில் வைத்து ‘நோட்டோ ஹான்டோ’ (நோட்டோ தீபகற்பம்) என்ற தம் பாடலை எடுத்தார்.

சுகரு பாடல் முதலில் தனி இசைத்தட்டாக வந்ததல்ல. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பாடல்கள் கொண்ட இசைத்தொகுப்பில் டிசம்பருக்கு உரியதாகக் கடைசியில் இருந்தது. வரிகள் அகு யூ, இசை மிகி தகாஷி. டோக்கியோவின் உவேனோவிலிருந்து இரவு ரயில். இறங்கினால், முதன்மைத் தீவின் வடகோடியில் அவோமோரி நிலையம் பனியில். வடக்கே திரும்பும் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. கடலின் இரைச்சல் மட்டும். அவளும் தனியாகப் படகேறுகிறாள், குளிரில் விறைக்கும் கடற்பறவையைப் பார்த்து அழுகிறாள். ஏன் அழுகிறாள் என்று முதல் சரணத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. ‘போய் வருகிறேன், ஊர் திரும்புகிறேன்’ என்பது இரண்டாம் சரணத்தில்தான் வருகிறது. பல நூறு முறை கேட்டபின்னும் பாட்டு புதிதாக நிற்பதற்கு இந்தத் தாமதமே காரணம் என்பது என் எண்ணம். கடலும் இரங்கலும் சேர்ந்தால் நெய்தல் என்று படித்த காதுக்கு இது அந்நியமாகவே படாது.

அந்தப் படகுப் போக்குவரத்து 1908இல் தொடங்கியது. அவோமோரியிலிருந்து ஹொக்கைடோவின் ஹகோடதேவுக்கு 113 கிலோமீட்டர், 3 மணி 50 நிமிடப் பயணம். கடலடிச் சுரங்க ரயில் திறந்ததும் 1988 மார்ச்சில் நின்றுபோனது. நீரிணையை நோக்கி நிற்கும் தப்பி முனையில் பாடலுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. பொத்தானை அழுத்தினால் ஒலிப்பது இரண்டாம் சரணம். அந்த முனையின் பெயர் அதில்தான் இருக்கிறது.

சுகரு பாடலைப் பாட முயல்கிறவர்கள் முதல் வரியிலேயே தடுக்குவார்கள். ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும் நடை. நம் கணக்கில் திஸ்ரம், தகிட தகிட. ‘உவேனோவிலிருந்து புறப்பட்ட இரவு ரயில்’ என்னும் முதல் வரி இப்படிப் பிரியும்: உ-எ-னோ, ஹ-ட்சு-னோ, ய-கோ-உ, ரெ-ஸ்-ஷ. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்: நடுவில் உள்ள ‘ஸ்’ வெறும் மெய்தான், ஆனால் அதற்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. அதை விழுங்கினால் அடுத்த சொல் ஒரு தட்டு முன்னால் வந்து விழும், பிறகு பாட்டு முழுக்க இசையைத் துரத்த வேண்டியதுதான். கையால் தகிட போட்டுக்கொண்டு பாடாமல் பத்து முறை சொல்லிப் பார்த்தால் சரியாகிவிடும்.

அடுத்தது கொபுஷி, குரலின் அந்தச் சிறு சுழிப்பு. கமகம் பழகியவர்கள் இதை நீட்டி ஆட்டிவிடுகிறார்கள். கொபுஷி ஒரு நொடிப்பு. சுரம் ஒரு முறை புரண்டு இடத்துக்கு வந்துவிட வேண்டும். கரோக்கே இயந்திரத்தின் நுணுக்க மதிப்பெண் முறை கொபுஷியைத் தனியாக எண்ணும் என்பதற்காக எல்லா வரியிலும் போட்டால் சுருதிக்கான மதிப்பெண் சரியும். பாட்டும் கெடும். சரணத்துக்கு இரண்டு மூன்று இடம் போதும்.

தலைப்பு வரிக்கு முன் வரும் அந்த நீண்ட ‘ஆ’வை எடுத்த எடுப்பிலேயே முழுக் குரலில் பிடிக்கக் கூடாது. முந்தைய வரியின் கடைசி எழுத்தைச் சற்றுக் குறைத்து மூச்சு எடுங்கள். பாதிக் குரலில் தொடங்கி வளர்த்துக்கொண்டே போங்கள். குரல் பெருகும்போது மைக்கை ஒரு சாண் விலக்குங்கள். ஆண்கள் கீழ் ஸ்தாயியில் பாடினால் முதல் வரி தொண்டைக்குள் புதைந்துவிடும்; இயந்திரத்தில் நான்கு அரைச்சுரம் ஏற்றிக்கொண்டால் வெளியே வரும்.

‘அமாகி கோஎ’ இதைவிடக் கடினம். யொஷியோகா ஒசாமுவின் வரிகள், கென் தெட்சுயாவின் இசை. இஸு தீபகற்பத்தின் ஜோரென் அருவி, வசாபி என்னும் காரக் கிழங்கு விளையும் ஓடை, 1905இல் திறந்த கல் சுரங்கப்பாதை என்று இடங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. இது மலை, இங்கே பிரிவு இன்னும் நடக்கவில்லை, நடந்துவிடுமோ என்ற அச்சம்தான் எரிகிறது. இன்னொருத்தி பறித்துக்கொள்வதைவிட உங்களைக் கொன்றுவிடலாமா என்று அவள் கேட்கிறாள். ஜப்பானியத்தில் அந்தக் கேள்வி மரியாதை வடிவத்தில், அனுமதி கேட்கும் தொனியில் இருக்கிறது. நடுங்க வைப்பதே அந்தப் பணிவுதான். கோபமாகப் பாடுகிறவர்கள் அதைத் தொலைத்துவிடுகிறார்கள். அந்த வரியைக் காதோடு சொல்வதுபோல் இறக்கிப் பாடி, மலை எரிகிறது என்னும் இடத்துக்குக் குரலைச் சேமித்து வையுங்கள்.

கேட்பதற்கு ஒரு குறிப்பு. சுகரு பாடலின் முகப்பு இசை பெரிய சத்தத்தோடு வரும். அதற்கேற்ப ஒலியைக் குறைத்தால் முதல் வரி அமுங்கிவிடும். குரலுக்குப் பொருந்த வைத்துவிட்டு முகப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 1977 பதிவில் பாடுவது பதினெட்டு வயதுக் குரல். நேராக, கூசாமல் வருகிறது. முதலில் அதைக் கேளுங்கள். அதன்பின் கோஹாகு மேடையில் அறுபது வயதைக் கடந்து பாடியதைக் கேட்டால், அதே ‘ஆ’ எங்கே தொடங்கி எங்கே தாமதிக்கிறது என்று காது தானே பிடித்துக்கொள்ளும்.