மொட்டைமாடியில் ஏழு சென்டிமீட்டர் செப்புக் கம்பி: விமானம் பார்த்த மூன்று ஆண்டுக் கணக்கு

திருச்சி கே.கே. நகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பிவிசி குழாய் நிற்கிறது. அதன் உச்சியில் நேராக ஒரு செப்புக் கம்பி, அதற்குக் கீழே குடைக்கம்பி போலச் சரிந்த நான்கு கம்பிகள். ஒவ்வொன்றும் 6.9 சென்டிமீட்டர். கொசு பிடிக்கும் கருவியா என்று கேட்டவர்கள் உண்டு. இடிதாங்கி என்று தாங்களே முடிவு கட்டியவர்களும் உண்டு. 2022 கோடையில் மாட்டிய இந்த ஆன்டெனா, அக்கம்பக்கத்து வானத்தில் போகும் விமானங்களை என் கைப்பேசித் திரைக்குக் கொண்டுவருகிறது. இது மூன்று ஆண்டுக்கு மேல் பழகிய பிறகு எழுதும் குறிப்பு. வாங்கிய வாரமே எழுதியிருந்தால் வெறும் புகழ்மாலையாக இருந்திருக்கும்.

விமானம் தன் இடத்தை ஜிபிஎஸ்ஸில் அறிந்து, வினாடிக்கு இரண்டு தரம் 1090 மெகாஹெர்ட்ஸில் வானொலியாக அறிவித்துக்கொண்டே போகிறது. இதற்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். பூட்டு, மறைகுறி எதுவும் கிடையாது. காது இருப்பவர் கேட்கலாம். அந்தக் காது, கணினியில் டிவி பார்ப்பதற்காக வந்த யூஎஸ்பி டாங்கிள்தான். அதன் உள்ளே இருக்கும் ஆர்டிஎல்2832யூ சில்லை மிகப் பரந்த அலைவரிசைகளைக் கேட்கும் வானொலியாக மாற்றலாம் என்பது 2012 வாக்கில் தெரியவந்தது. அந்த அலைகளை விமானச் செய்தியாகப் பிரிக்கும் டம்ப்1090 மென்பொருளை எழுதியவர் சால்வதோரே சான்ஃபிலிப்போ. ரெடிஸ் தரவுத்தளத்தை உருவாக்கிய அதே மனிதர். என்னிடம் மேசை இழுப்பறையில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை 3 என்ற கையளவுக் கணினி இருந்தது. புதிதாக வாங்கியது டாங்கிள், ஒரு கனெக்டர், கேபிள் டிவிக்காரர் பயன்படுத்தும் ஆர்ஜி6 கம்பி, இவ்வளவுதான். மொத்தம் நாலாயிரத்துக்குள் முடிந்தது.

டாங்கிளோடு வந்த குட்டி ஆன்டெனாவை ஜன்னலில் ஒட்டிவைத்தபோது ஐம்பது கிலோமீட்டர் வரை தெரிந்தது, அதுவும் ஜன்னல் பார்த்த திசையில் மட்டும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய செப்புக் கம்பியை வெட்டி, கனெக்டரில் பற்றவைத்து, மாடிக்கு ஏற்றிய அன்றே சென்னையில் இறங்கப்போகும் விமானங்கள் வரிசையாக வந்தன. 1090 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 27.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்குதான் அந்த 6.9.

இன்னும் பத்தடி உயர்த்தினால் இன்னும் தூரம் கிடைக்குமே என்று ஒரு நண்பர் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35,000 அடியில் பறக்கும் விமானத்துக்கு, பூமியின் வளைவு மறைக்காமல் நானூறு கிலோமீட்டர்ச் சொச்சம் பார்வை உண்டு. என் குழாயை 12 மீட்டரிலிருந்து 15 மீட்டருக்கு உயர்த்தினால் கூடுவது இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஆர்ஜி6 கம்பி நீளுவதால் போகும் சிக்னலோ, பத்து மீட்டருக்கு ஏறத்தாழ 2 டெசிபெல். அடுத்த வீட்டுக் கான்கிரீட் தண்ணீர்த் தொட்டிதான் என் உண்மையான எல்லை. ஒரு வாரப் பதிவை வரைபடமாகப் போட்டால், தென்மேற்கில் ஒரு கடி கடித்த தோசை போல இருக்கிறது. குழாயை மாடியின் வேறு மூலைக்கு நகர்த்தியதில் கடி சிறுத்தது. காசு செலவழிக்காமல் கிடைத்த பெரிய முன்னேற்றம் அதுதான்.

தென்கிழக்கில் தடையே இல்லை. கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் விமானங்கள் பாக் நீரிணையைக் கடந்து, மன்னாரைத் தாண்டி, புத்தளத்தை எட்டும் முன் ஒவ்வொன்றாக மறையும். அவை கீழே இறங்க இறங்கப் பூமியின் முதுகு மறைத்துவிடுகிறது. சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து வளைகுடா நோக்கிப் போகும் பெரிய விமானங்கள் நள்ளிரவில் தலைக்கு மேல் போகும். தூக்கம் வராத நாட்களில் நல்ல துணை.

ஆனால் முதல் ஆறு மாதம் ஒரு விசித்திரம் இருந்தது. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் போவது தெரியும். ஆனால் வீட்டு மாடியை உரசுவது போல இறங்கும் விமானம் திரையில் விட்டுவிட்டு வரும். சிக்னல் பலம் கூடினால் நல்லது என்று நினைத்து உள்வாங்கும் பெருக்கத்தை உச்சத்தில், 49.6இல், வைத்திருந்தேன். காதருகே கத்தினால் சொல் புரியுமா? 38.6க்குக் குறைத்ததும் இறங்கும் விமானங்கள் ஓடுபாதை வரை தெளிவாக வந்தன. விமான நிலையத்துக்கு அருகில் வசிப்பவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

உயரத்திலும் ஒரு குழப்பம். விமானம் அனுப்பும் உயரம், காற்றழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டு கணித்தது. ஆடி மாதம் இங்கே அழுத்தம் அதைவிடக் குறைவாக இருக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 28 அடி வீதம் எண் கூடிவிடும். தரை தொடப்போகும் விமானம் இருநூறு அடி அதிகமாகக் காட்டியதைப் பார்த்து, மென்பொருளை இரண்டு முறை அழித்து மீண்டும் நிறுவினேன். பெட்டியின்மேல் குற்றமே இல்லை.

பராமரிப்புக்கு வருகிறேன். ரேடியோ ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை; தந்தவை மழையும் வெயிலும் மின்வெட்டும் காக்கையும். முதல் ஐப்பசி மழையில் கனெக்டருக்குள் நீர் இறங்கியது. சிக்னல் ஒரேயடியாகப் போகவில்லை. நாளுக்கு நாள் தேய்ந்தது. கார்த்திகையில் பிரித்துப் பார்த்தால் செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. பெட்டியை மாடியிலேயே வைத்திருந்தபோது சித்திரை வெயிலில் ராஸ்பெரி பையின் சூடு 80 டிகிரியைத் தொட்டு, தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டது. இப்போது மாடிப்படி முடியும் சிறு அறைக்குள் வைத்திருக்கிறேன். மின்வெட்டில் இரண்டு மெமரி கார்டுகள் போயின. பதிவுகளைக் கார்டில் எழுதாமல் ரேம் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும்படி மாற்றி, வைஃபை பெட்டிக்கான சிறு யூபிஎஸ்ஸையும் சேர்த்த பிறகு மூன்றாவது கார்டு இன்றுவரை பிழைத்திருக்கிறது. காக்கைக்கு மட்டும் தீர்வில்லை. கூடு கட்டும் பருவத்தில் சரிந்த கம்பிகளில் ஒன்றை வளைத்து வளைத்துப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மூன்று கம்பியோடு ஓடிய அந்த இரண்டு வாரமும் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பது எனக்குச் சற்று அவமானம்தான்.

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை. தையல் இயந்திரம், சைக்கிள் வரிசையில் இந்தப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். மாலை ஐந்தே முக்கால் இருக்கும், திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் மேற்கே போகாமல் புதுக்கோட்டைப் பக்கம் வட்டமிடத் தொடங்கியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. அரை மணியில் திரையில் அதன் தடம் நூல்கண்டாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் மாடிக்கு வந்து, "என்ன தம்பி, வழி தெரியவில்லையா அதற்கு?" என்றார். எனக்கும் தெரியவில்லை. ஹைட்ராலிக் கோளாறு என்பதும், இறங்கும் எடை குறைய எரிபொருளைத் தீர்க்கிறார்கள் என்பதும் தொலைக்காட்சி சொல்லித்தான் தெரிந்தது. பெட்டி இடம், உயரம், வேகம் சொல்லும், காரணம் சொல்லாது. உள்ளே 141 பயணிகள். எட்டு மணி வாக்கில் உயர எண் இறங்கத் தொடங்கியதும் பெரியவர் கைகூப்பிவிட்டார். வேகம் படிப்படியாகக் குறைந்து, 'தரை' என்று திரையில் மாறியபோது இருவரும் ஒன்றும் பேசவில்லை. "சரி, சுண்டல் ஆறியிருக்கும்" என்று கீழே இறங்கிப் போனார்.

தெரியாதவையும் உண்டு. தஞ்சாவூர் விமானப்படைத் தளம் ஐம்பது கிலோமீட்டர்தான். சில நாட்களில் போர் விமானத்தின் முழக்கம் ஜன்னலை அதிர வைக்கும், திரை காலியாக இருக்கும். இடத்தை அறிவிக்காத விமானத்தைக் கண்டுபிடிக்க, ஒரே சிக்னலைக் குறைந்தது நான்கு பெட்டிகள் கேட்டு நேர வித்தியாசத்தைக் கணிக்க வேண்டும். என் சுற்றுவட்டத்தில் அந்த அளவுக்கு ஆளில்லை. யாராவது புதுக்கோட்டையிலோ கரூரிலோ ஒன்று வைத்தால் மகிழ்வேன்.

மாத மின்செலவு மூன்று, நான்கு யூனிட். என் பெட்டியின் தரவைப் பகிர்வதால், விமானங்களை வரைபடத்தில் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 இணையதளம் தன் கட்டணக் கணக்கை இலவசமாகத் தருகிறது. அதற்காகவே தொடங்குபவர்களும் உண்டு. சொந்த மொட்டைமாடியும் ஏணியில் ஏறும் தெம்பும் இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம். அடுக்ககத்தில் உள்பக்கம் பார்த்த வீடு என்றால் வேண்டாம், வேறு பொழுதுபோக்கு பாருங்கள். எனக்கு இந்தப் புரட்டாசி முடிவதற்குள் கனெக்டரைப் பிரித்துத் துடைத்து மறுபடி அடைக்க வேண்டிய வேலை இருக்கிறது. எம்-சீல் வாங்கியாயிற்று, காக்கை இல்லாத நேரம் பார்த்து ஏற வேண்டும்.